வாங்கியவர் உரிமை – பகுதி 11: இருபத்தொன்பது நாள்

இதுவரை…

ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று உள்ளே அச்சிட்டிருந்த ஒரு நாவலை நியூயார்க்கின் மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குப் போட்டது. 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அதற்குப் பிறகு அது யார் கைக்கு, என்ன விலைக்குப் போகிறது என்பதில் விற்றவருக்குப் பேச்சில்லை என்பதுதான் ‘முதல் விற்பனை’ விதி. இந்தத் தொடர் அந்த விதியின் கதை.

1990-ல் கம்ப்யூட்டர் மென்பொருளை வாடகைக்கு விடுவதை அமெரிக்கா தடை செய்தது. கன்சோல் கேம்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. 2002 ஏப்ரலில் ஜப்பானின் உச்ச நீதிமன்றமும் பழைய கேம் விற்பது சட்டப்படி சரியே என்றது. நீதிமன்றத்தில் கிடைக்காததை வேறு வழியில் பெற முடியுமா என்று கேம் நிறுவனங்கள் யோசித்தன. 2010-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ‘ஆன்லைன் பாஸ்’ கொண்டுவந்தது. பழைய டிஸ்க்கை வாங்கியவர் ஆன்லைனில் ஆட வேண்டுமானால் தனியாக 10 டாலர் கட்ட வேண்டும்.

அது சில கேம்களோடு நின்ற முயற்சி. ஒரு கன்சோல் முழுவதிலும் அந்தப் பூட்டைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கான பதில் 2013-ல் கிடைத்தது.

★

முதலில் நிறுவனங்களின் தரப்பைக் கேட்டுவிடுவோம். அவர்களுடைய வலியும் பொய்யல்ல.

அன்று அமெரிக்காவில் ஒரு புது கேம் 60 டாலர். ஒருவர் வாங்குகிறார், ஆடி முடிக்கிறார், கடையில் திருப்பிக் கொடுக்கிறார். கடை அவருக்கு ஒரு தொகையைக் கணக்கில் வரவு வைக்கிறது. அடுத்த கேம் வாங்கும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். பிறகு அதே டிஸ்க் 55 டாலர் ஸ்டிக்கரோடு அலமாரிக்குத் திரும்புகிறது. புதிது வாங்க வந்தவர் ஐந்து டாலர் மிச்சம் என்று இதை எடுத்துப்போகிறார். இந்த இரண்டாவது விற்பனையில் கேமை உருவாக்கியவர்களுக்கு ஒரு சென்ட்கூடப் போவதில்லை.

டெக்சாஸைச் சேர்ந்த கேம்ஸ்டாப் இந்த வியாபாரத்தில்தான் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2012 நிதியாண்டில் அதன் மொத்த லாபத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் பழைய பொருள்களில் வந்தது.

இன்னொரு பக்கம், கேம் தயாரிக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. 2013 மார்ச்சில் வெளியான ‘டோம்ப் ரெய்டர்’ நான்கு வாரத்தில் 34 லட்சம் பிரதிகள் விற்றது. வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ், இது எதிர்பார்த்த அளவு இல்லை என்று அறிவித்தது. முப்பத்து நான்கு லட்சம் விற்றும் போதவில்லை என்றால், ஒவ்வொரு பழைய டிஸ்க்கும் அவர்கள் கண்ணுக்கு இழந்த வருமானமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால், செலவு கூடியது வாங்கியவரின் குற்றமல்ல. அந்தச் சுமையை அவருடைய உரிமையைச் சுருக்கி ஈடுகட்டப் பார்த்தார்கள் என்பதுதான் என் குறை.

அதே மார்ச் மாதம் வாஷிங்டனில் இன்னொரு தீர்ப்பு வந்தது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்செங் என்ற மாணவர், ஊரில் குறைந்த விலைக்குக் கிடைத்த பாடப்புத்தகங்களைக் குடும்பத்தார் மூலம் வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் அவர்மீது வழக்குப் போட்டது. 2013 மார்ச் 19 அன்று ஆறு நீதிபதிகள் மாணவர் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். வெளிநாட்டில் அச்சான பிரதிக்கும் முதல் விற்பனை விதி பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

மேல் வகுப்பு அண்ணனிடம் அரை விலைக்குப் பாடப்புத்தகம் வாங்கிப் படித்த யாருக்கும் இந்தத் தீர்ப்பின் நியாயம் விளக்காமலே புரியும். நூறாண்டு கடந்தும் அந்த விதி தளரவில்லை. சுமார் இரண்டு மாதம் கழித்து, அதைத் தொடாமலேயே தாண்டிப்போகும் ஓர் இயந்திரம் மேடைக்கு வந்தது.

★

மேடைக்கு வருமுன்பே நிலம் சூடேறிக் கிடந்தது.

2012 மே மாதம் ‘டயாப்லோ 3’ வெளிவந்தது. தனியாக உட்கார்ந்து ஆடினாலும் இணைய இணைப்பு கட்டாயம். முதல் நாளே செர்வர்கள் திணறின. காசு கொடுத்து வாங்கியவர்கள் திரையில் ‘எரர் 37’ என்ற வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’க்கும் அதே கதி. நகரம் கட்டி விளையாடும் ஆட்டம், அதற்கும் எந்நேரமும் இணையம் வேண்டும், அந்த இணையம் போகும் செர்வரோ படுத்துக்கிடந்தது.

இப்படி எரிந்துகொண்டிருந்தபோதுதான், மைக்ரோசாஃப்டின் அடுத்த கன்சோலும் எப்போதும் இணையத்தோடு இருந்தாக வேண்டுமாம் என்ற பேச்சு கிளம்பியது. ஏப்ரல் 4 அன்று மைக்ரோசாஃப்ட் ஸ்டூடியோஸின் கிரியேட்டிவ் டைரக்டர் ஆடம் ஆர்த் ட்விட்டரில் எழுதினார். எப்போதும் இணைப்பில் இருக்கும் கன்சோலைப் பற்றி ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தனக்குப் புரியவில்லை என்றார். எல்லாச் சாதனமும் இப்போது அப்படித்தானே என்றார். பழகிக்கொள்ளுங்கள் என்ற தொனியில் ஒரு ஹாஷ்டேக்கையும் சேர்த்தார்.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒரு வாரத்துக்குள் ஆர்த் வேலையில் இல்லை. அவருக்கு வந்த வசைகள் அளவு கடந்தவை. எந்தக் கருத்துக்கும் யாரும் வாங்கக்கூடாத வசைகள். ஆனால், மைக்ரோசாஃப்ட் அந்த ஏப்ரலில் கவனித்திருக்க வேண்டியது வேறொன்று: கன்சோல் வெளிவரவில்லை, பெயர்கூடத் தெரியாது, அதற்குள் இத்தனை பயம்.

★

2013 மே 21, செவ்வாய்க்கிழமை. வாஷிங்டன் மாநிலம் ரெட்மண்ட். மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். கன்சோல் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக் மேடையேறினார். எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானது.

அன்று பேசியதில் பெரும்பகுதி டிவி பற்றி. வாயால் சொன்னால் சேனல் மாறும். ஆட்டம் ஓடும்போதே ஓரத்தில் ஸ்கைப் திறக்கும். விளையாட்டு ஒளிபரப்பு வரும். ‘ஹேலோ’ கேமை வைத்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கோடு ஒரு டிவி தொடர் வரும். ஆன்லைன் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவின் செர்வர்கள் 15,000-லிருந்து 3,00,000 ஆகும். கைனெக்ட் கேமரா கன்சோலோடு கட்டாயம் வரும்.

பழைய கேம் என்ன ஆகும்? இணையம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விக்கும் மேடையில் பதில் இல்லை.

பதில் மேடைக்குக் கீழே வந்தது, அதுவும் துண்டு துண்டாக. துணைத்தலைவர் ஃபில் ஹாரிசன், கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தொட வேண்டியிருக்கும் என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். ஒருவர் தன் டிஸ்க்கை நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனால், அவர் அங்கே தன் கணக்கில் இருக்கும்வரை ஆடலாம், நண்பர் தொடர்ந்து ஆட விரும்பினால் காசு கட்ட வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. அது பல சாத்தியங்களில் ஒன்றுதான், இன்னும் முடிவாகவில்லை என்று நிறுவனத்தின் இன்னொரு குரல் மறுத்தது. ஒரே நாளில் ஒரே நிறுவனத்திலிருந்து ஒன்றோடொன்று ஒட்டாத பதில்கள்.

என் கணிப்பில், அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இந்தக் கதையின் முதல் திருப்பம். கொள்கை மோசமாக இருந்தது உண்மை. அதைவிட, தாங்கள் எதை மாற்றுகிறோம் என்று நேருக்கு நேர் சொல்ல அந்த மேடையில் ஒருவரும் முன்வரவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை ஜனங்களின் சந்தேகம் நிரப்பிக்கொண்டது.

★

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, பெட்டிக்குள் என்ன நடக்கவிருந்தது என்று பார்க்க வேண்டும். ‘இணையக் கட்டாயம்’, ‘பழைய கேம் தடை’ என்று இரண்டு பிரச்சினைகளாகவே அன்று பலரும் பேசினார்கள். உண்மையில் அது ஒரே முடிச்சு.

அதுவரை கன்சோலில் டிஸ்க்தான் சாவி. டிஸ்க் உள்ளே இருந்தால் ஆட்டம் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. அந்த ஆட்டம் யாருடையது என்று எந்தச் செர்வரையும் கேட்க வேண்டியதில்லை, டிஸ்க் யார் கையில் இருக்கிறதோ அவருடையது. கடன் கொடுக்கலாம், விற்கலாம், தம்பிக்குக் கொடுத்துவிடலாம். 1908 தீர்ப்பு சொன்ன உரிமை அந்தப் பிளாஸ்டிக் வட்டில் தானாகவே அடங்கியிருந்தது.

எக்ஸ்பாக்ஸ் ஒன் அந்த ஏற்பாட்டை மாற்றியது. டிஸ்க்கை ஒருமுறை போட்டால் முழு ஆட்டமும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கில் ஏறிவிடும். அதன் பிறகு டிஸ்க்கை அலமாரியில் போட்டுவிடலாம், எழுந்து போய் மாற்ற வேண்டியதில்லை. வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால், டிஸ்க் இல்லாமலே ஆட்டம் ஓடுமென்றால், ஒருவர் ஏற்றிவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார், அவர் ஏற்றிவிட்டு இன்னொருவருக்குக் கொடுப்பார். ஒரே டிஸ்க்கில் தெருவே ஆடும். இதைத் தடுக்க, ஆட்டம் யார் கணக்கில் இருக்கிறது என்று கன்சோல் அடிக்கடி செர்வரைக் கேட்டாக வேண்டும். 24 மணி நேரக் கணக்கு அங்கேதான் பிறந்தது. செர்வரில் இருக்கும் பெயரை மாற்றினால்தான் ஆட்டம் கைமாறும். அந்தப் பெயரை மாற்றும் அதிகாரம் வாங்கியவரிடம் இல்லை.

அதாவது, சாவி டிஸ்க்கிலிருந்து செர்வருக்கு இடம் மாறியது. டிஸ்க் வெறும் பொட்டலம் ஆனது. முதல் விற்பனை விதியை யாரும் ரத்து செய்யவில்லை, அந்த டிஸ்க்கை நீங்கள் தாராளமாக விற்கலாம். வாங்கியவர் வீட்டில் அது ஓடாது, அவ்வளவுதான்.

★

ஜூன் 6, வியாழக்கிழமை. விதிகள் எழுத்தில் வந்தன.

சொந்தக் கன்சோலில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பு. வேறொருவர் வீட்டுக் கன்சோலில் உங்கள் கணக்கில் ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. தவறினால் ஆட்டம் நிற்கும். டிவியும் ப்ளூ ரே படமும் மட்டும் ஓடும்.

பழைய கேமைக் கடையில் கொடுக்கலாமா கூடாதா என்பதை வெளியீட்டு நிறுவனம் தீர்மானிக்கும். அனுமதித்தாலும், மைக்ரோசாஃப்ட் ஏற்பாட்டில் சேர்ந்த கடைகளில்தான். நண்பருக்குக் கொடுக்கவும் நிறுவனம் அனுமதிக்க வேண்டும். அந்த நண்பர் உங்கள் எக்ஸ்பாக்ஸ் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாளாவது இருந்திருக்க வேண்டும். ஒரு கேமை ஒருமுறைதான் கொடுக்கலாம். இரவலும் வாடகையும் ஆரம்பத்தில் இல்லவே இல்லை.

இந்த முப்பது நாள் நிபந்தனைதான் என்னை இன்றும் உறுத்துகிறது. யார் என் நண்பர், எத்தனை நாள் பழகினால் அவருக்கு என் பொருளை நான் கொடுக்கலாம் என்று ஒரு கம்பெனி வரையறுத்தது. இரவல் கொடுப்பது அனுமதி கேட்டுச் செய்யும் காரியமாக எந்தக் காலத்தில் இருந்தது?

பதிலுக்கு ஒரு நல்ல விஷயமும் அந்த அறிவிப்பில் இருந்தது. குடும்பத்தில் பத்துப் பேர் வரை ஒருவருடைய கேம் சேகரிப்பை எங்கிருந்தும் பகிர்ந்து ஆடலாம். எப்படி, எந்த அளவுக்கு என்று தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விவாதம் வேறு பாதையில் போயிருக்கக்கூடும்.

நாளும் கைகொடுக்கவில்லை. அமெரிக்க உளவு அமைப்பின் ‘பிரிசம்’ திட்டம் பற்றிய செய்தியை தி கார்டியனும் தி வாஷிங்டன் போஸ்டும் வெளியிட்டது அதே ஜூன் 6-ல்தான். அந்த ஆவணங்களில் இருந்த நிறுவனங்களில் மைக்ரோசாஃப்ட் ஒன்று. வரவேற்பறையில் எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் கேமராவும், தினம் ஒருமுறை தலைமையகத்தோடு பேசியாக வேண்டிய பெட்டியும் அந்த வாரத்தில் மக்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்!

★

வாக்குவாதம் முற்றியது. எல்லோரும் ஒரே பக்கம் நின்றதாக நினைக்க வேண்டாம்.

‘கியர்ஸ் ஆஃப் வார்’ கேமை வடிவமைத்த கிளிஃப் பிளெசின்ஸ்கி வெளிப்படையாகவே கட்டுப்பாட்டை ஆதரித்தார். இத்தனை பெரிய தயாரிப்புச் செலவும் விளம்பரச் செலவும் ஒரு பக்கம், பழைய கேமும் வாடகையும் இன்னொரு பக்கம், இந்தக் கணக்கு நிற்காது என்பது அவர் வாதம். கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கும் கேமை யாரும் விற்க முடியாது, அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லையா என்று சிலர் கேட்டார்கள்.

எதிர்த்தரப்பிடம் இதற்குச் சரியான பதில் இருந்தது. ஸ்டீம் விற்கும் உரிமையை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு விலையைக் குறைத்தது. அங்கே 60 டாலர் கேம் சில மாதங்களில் பாதி விலைக்கும் கால் விலைக்கும் வரும். இணையம் இல்லாமல் ஆடும் வழியும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் ஒன் கேமின் விலையோ அதே 60 டாலர். உரிமை போகிறது, விலை இறங்கவில்லை. அப்படியானால் வாங்குகிறவருக்கு என்ன லாபம்?

பிறகு, இணையமே எட்டாத இடங்களில் இருந்தவர்கள் பேசினார்கள். போர்க்கப்பலிலும் வெளிநாட்டு முகாம்களிலும் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு கன்சோல்தான் மாலைப் பொழுது. கடலுக்கு நடுவே 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எந்தச் செர்வரைத் தொடுவது?

இன்னொரு பட்டியலும் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் முதலில் 21 நாடுகளில்தான் இயங்கும் என்றார்கள். சரிபார்க்கும் செர்வர் ஏற்பாடு இல்லாத நாட்டில், வெளியூரிலிருந்து பெட்டியை வாங்கிவந்தாலும் பயனில்லை. அந்த 21-ல் ஜப்பான் இல்லை, இந்தியா இல்லை, சிங்கப்பூர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் கன்சோலில்தான் நம் ஊரில் பலரும் ஆடப் பழகினார்கள். அந்தப் பாதை அடைபட்டது. போலந்தும் பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் மேடையில் பெருமையாகக் காட்டிய ‘தி விட்ச்சர் 3’ போலந்துக்காரர்கள் உருவாக்கியது. உருவாக்கியவர்கள் தங்கள் ஆட்டத்தைத் தங்கள் நாட்டில் அந்தக் கன்சோலில் ஆட முடியாத நிலை.

எல்லார் பார்வையும் சோனி பக்கம் திரும்பியது. பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-ஐ அறிவித்த நாளிலேயே பழைய கேம் அதில் ஓடும் என்று சோனியின் ஷுஹெய் யோஷிடா சொல்லியிருந்தார். ஆனால், பழைய டிஸ்க்கை அடையாளம் காணும் தொழில்நுட்பத்துக்கு அதே சோனி காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்ததும் ஜனவரியில் வெளியே வந்திருந்தது. எனவே யாரும் முழுசாக நம்பவில்லை. மே மாத இறுதியில் ட்விட்டரில் சோனி அதிகாரிகளுக்கு நேராகவே வேண்டுகோள்கள் குவிந்தன: நீங்களும் இதைச் செய்துவிடாதீர்கள்.

★

2013 ஜூன் 10, திங்கட்கிழமை. லாஸ் ஏஞ்சலஸ். இ3 கேம் கண்காட்சிக்கு முந்தைய நாள்.

காலையில் மைக்ரோசாஃப்ட். இந்தமுறை மேடை முழுக்க ஆட்டங்கள். சர்ச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் விலை: 499 டாலர்.

மாலையில் சோனி. மெமோரியல் ஸ்போர்ட்ஸ் அரீனா நிரம்பியிருந்தது. அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஜாக் ட்ரெட்டன் மேடையில் நின்றார். பழைய கேம்களுக்குப் பிளேஸ்டேஷன் 4 எந்தப் புதிய கட்டுப்பாடும் விதிக்காது என்றார்.

அடுத்த வாக்கியத்தைத் தொடங்க அவரால் முடியவில்லை. கைதட்டல் ஓயவில்லை. சிலர் எழுந்து நின்றார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். டிஸ்க் வாங்கியவர் அதைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். இன்னொருவருக்கு விற்கலாம். நண்பருக்கு இரவல் தரலாம். காலமெல்லாம் தானே வைத்துக்கொள்ளலாம். ஆட இணையம் வேண்டாம், 24 மணி நேரச் சரிபார்ப்பும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அரங்கம் அதிர்ந்தது.

யோசித்துப் பாருங்கள், அவர் அங்கே புதிதாக எதையும் தரவில்லை. நேற்று வரை எல்லோரிடமும் இருந்ததைப் பட்டியலிட்டார். இருப்பதை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பதே ஒரு நிறுவனத்தின் மிகப் பெரிய அறிவிப்பாக ஆகிவிட்ட இரவு அது.

நிகழ்ச்சியின் முடிவில் சோனியின் ஆண்ட்ரூ ஹவுஸ் விலையைச் சொன்னார்: 399 டாலர். நூறு டாலர் குறைவு.

அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோவையும் சோனி வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-ல் கேமைப் பகிர்வது எப்படி என்ற செய்முறை விளக்கம். யோஷிடாவும் அவருடைய சக அதிகாரி ஆடம் பாய்ஸும் அருகருகே நிற்கிறார்கள். முதல் படி என்று திரையில் எழுத்து வருகிறது. கேம் பெட்டி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகிறது. நன்றி சொல்கிறார். முடிந்தது. இரண்டாவது படியே இல்லை.

அதே இரவில் இன்னொரு தகவலும் வந்தது. பிளேஸ்டேஷன் 3-ல் மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட இலவசம். பிளேஸ்டேஷன் 4-ல் அதற்கு ‘பிளஸ்’ சந்தா கட்ட வேண்டும். அரங்கம் அதிர்ந்துகொண்டிருந்ததில் இதைக் கவனித்தவர்கள் குறைவு. ஒரு வாசலைக் காத்த கூட்டம் பக்கத்து வாசல் மூடியதைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் வரலாறு எழுதும்போது இதை விடவும் முடியாது.

★

அந்த நாட்களில்தான் டான் மேட்ரிக்கிடம் கேம் செய்தியாளர் ஜெஃப் கீலி பேட்டி எடுத்தார். இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி வந்தது. இணைப்பு கிடைக்காதவர்களுக்கும் எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பொருள்பட மேட்ரிக் பதில் சொன்னார். அது 2005-ல் வந்த பழைய கன்சோல். நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவர்களைப் பற்றிய பேச்சும் அதே பேட்டியில் வந்தது.

புதியது உங்களுக்கில்லை என்று சொன்னதாகத்தான் அது கேட்டவர்களுக்குப் பட்டது. பட்டதில் தவறுமில்லை.

சோனியின் மேடைக்குப் பிறகு ஒன்பது நாள் கழிந்தது. ஜூன் 19, புதன்கிழமை. மேட்ரிக் பெயரில் ஓர் அறிவிப்பு வெளியானது. உங்கள் கருத்தைக் கேட்டோம் என்று தொடங்கி, எழுதிய விதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றது. கன்சோலை முதன்முதலாக அமைக்கும்போது ஒருமுறை இணையம் வேண்டும், அதற்குப் பிறகு டிஸ்க் கேமுக்கு வேண்டாம். 24 மணி நேரச் சரிபார்ப்பு போயிற்று. விற்கலாம், மாற்றலாம், இரவல் தரலாம், வாடகைக்கு எடுக்கலாம், எல்லாம் எக்ஸ்பாக்ஸ் 360-ல் இருந்தபடியே. நாட்டுக் கட்டுப்பாடும் நீங்கியது. கேம்ஸ்டாப் பங்கு விலை ஏறியது.

மே 21-லிருந்து ஜூன் 19 வரை இருபத்தொன்பது நாள். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று, பல ஆண்டு உழைத்துத் தீட்டிய திட்டத்தை ஒரு மாதம் நிறையுமுன் கிழித்துப் போட்டது. நீதிமன்றம் தலையிடவில்லை, அரசு தலையிடவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வாங்க மாட்டோம் என்றார்கள், பக்கத்தில் வாங்குவதற்கு இன்னொன்று இருந்தது. பின்னதுதான் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன். சோனியும் அதே பூட்டைப் போட்டிருந்தால் இந்தக் கோபம் எங்கே போயிருக்கும்?

★

வெற்றிக்கு ஒரு விலை இருந்தது.

பழையபடி டிஸ்க் உள்ளே இருந்தால்தான் ஆட்டம் ஓடும் என்றானது. பத்துப் பேர் பகிரும் குடும்ப ஏற்பாடு முழுசாகக் கைவிடப்பட்டது. அதை விரும்பியவர்களும் இருந்தார்கள். இ3-ல் சொன்ன எக்ஸ்பாக்ஸ் ஒன்னைத் திருப்பிக் கொடுங்கள் என்று சில வாரங்களில் ஒரு மனுவே கிளம்பியது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அவர்களைப் பலர் கேலி செய்தார்கள். கேலி தேவையற்றது. டிஸ்க்கில் வாங்கியதற்குப் பழைய உரிமை, இணையத்தில் வாங்கியதற்குப் புதிய பகிர்வு என்று இரண்டையும் தனித்தனியே தந்திருக்க முடியும். ஒரு நிபந்தனையைத் திரும்பப் பெறும்போது அதோடு நல்லதையும் மைக்ரோசாஃப்ட் சுருட்டிக்கொண்டு போனது.

ஜூலை 1 அன்று மேட்ரிக் ஸிங்கா நிறுவனத்தின் தலைமைக்குப் போவதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டில் கைனெக்ட் இல்லாமலும் கன்சோல் இயங்கும் என்றார்கள். நவம்பர் 15-ல் பிளேஸ்டேஷன் 4, நவம்பர் 22-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கடைக்கு வந்தன. 2014 ஜூனில் கைனெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் 399 டாலருக்கு இறங்கியது. அந்தத் தலைமுறை முழுதும் சோனிதான் முன்னால் ஓடியது.

ஆனால், அந்த ஜூன் மாதம் காப்பாற்றப்பட்டது டிஸ்க்கின் உரிமை மட்டும். இணையத்திலிருந்து இறக்கிய கேமை விற்கவோ இரவல் தரவோ அன்றும் வழியில்லை, அதைப் பற்றி அரங்கத்தில் யாரும் கேட்கவுமில்லை. 2019 மே மாதம் டிஸ்க் போடும் இடமே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்தது. 2020-ல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ஸும் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனும் டிஸ்க் இல்லாமலே வந்தன. யாரும் கூட்டம் கூட்டிக் கத்தவில்லை. மேட்ரிக் ஒரே நாளில் மாற்றப் பார்த்த சாவி, ஒவ்வொரு வாங்கலாகத் தானே இடம் மாறிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும், 2012 ஜூலை 3 அன்றே, இந்தச் சண்டை தொடங்குவதற்கு முன்பே, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்ட்சாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தோடு இறக்கி வாங்கிய மென்பொருளையும் வாங்கியவர் விற்கலாம் என்றது நீதிமன்றம்.

டிஸ்க்கே இல்லாத பொருளுக்கும் முதல் விற்பனை விதி செல்லும் என்றால், ஐரோப்பாவில் ஒருவர் ஸ்டீமில் வாங்கிய கேமை அடுத்தவருக்கு விற்கலாம்தானே? பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு இதே கேள்வியோடு பாரிஸ் நீதிமன்றத்தின் படியேறியது. அங்கே என்ன பதில் கிடைத்தது, அந்தப் பதில் எத்தனை நாள் நின்றது?

(அடுத்த வாரம்)